கம்பனிப் பதிவு வேறு, உணவு விற்கும் அனுமதி வேறு

கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் வீட்டிலேயே கறித்தூள் இடித்தோ, கேக் செய்தோ விற்க நினைக்கும் நம்மவர்கள் பலர் முதலில் தேடுவது எல்.எல்.சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பனியைத்தான். அது வியாபாரக் கடனையும் குடும்பச் சொத்தையும் பிரித்து வைக்கும். ஆனால் உணவு விற்கும் அனுமதியை அது தராது.

கம்பனிப் பதிவு

மாநிலச் செயலாளரின் ‘பிஸ்ஃபைல்’ இணையத்தளத்தில் 70 டொலர் செலுத்திப் பதியலாம். 90 நாட்களுக்குள் தகவல் அறிக்கையும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சமர்ப்பிக்க வேண்டும். கட்டணம் 20 டொலர். பலரை இடறவைப்பது மாநில வரிச்சபைக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய 800 டொலர். வருமானமே இல்லாவிட்டாலும் இதைக் கட்டவேண்டும். முதலாண்டுக்கு இருந்த விலக்கு 2023 உடன் முடிந்துவிட்டது. எனவே வியாபாரம் கைகூடுமா என்று பார்த்த பின் கம்பனி தொடங்குவது நல்லது, தனிநபராகவும் தொடங்கலாம்.

உணவு அனுமதி

இதை வழங்குவது அலமேடா கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் திணைக்களம். உணவு கெடும் அபாயத்தையும் விற்கும் முறையையும் பொறுத்து விதி மாறும்.

‘ஏ’ வகுப்பு: குளிரூட்டல் தேவைப்படாத உணவுகளை வாங்குபவருக்கு நேரடியாக விற்பது. சுயஉறுதிப் பட்டியலை நிரப்பிப் பதிந்தால் போதும்.

‘பி’ வகுப்பு: அதே உணவுகளைக் கடைகளுக்கும் கொடுப்பது. இதற்கு அனுமதிப்பத்திரமும் சமையலறைப் பரிசோதனையும் வேண்டும்.

2022 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆண்டு விற்பனை உச்சத்தை முறையே 75,000, 150,000 டொலராக்கியது. விலைவாசிக்கேற்ப அது கூடும். மாநிலம் அங்கீகரித்த உணவுப் பட்டியலில் உங்கள் பலகாரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

மீன் ரோல்ஸ், இறைச்சிக் கறி, இடியப்பமும் சம்பலும் இந்த வகுப்புகளில் அடங்கா. அவற்றுக்கு வீட்டுச் சமையலறை உணவகம் என்ற தனி அனுமதி உண்டு. அதில் பரிசோதனை கட்டாயம். சமைத்த அன்றே விற்கவேண்டும். நாளொன்றுக்கு 30, வாரத்துக்கு 90 சாப்பாடுகளே உச்சம்.

இவற்றோடு நகரசபையின் வியாபார அனுமதியும் வேண்டும்.

குடிவரவு

எல்.எல்.சி தொடங்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் கம்பனி வைத்திருப்பது வேலை செய்யும் உரிமையைத் தராது. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் வேலை அனுமதி கையில் கிடைக்குமுன் அடுப்பை மூட்டவேண்டாம். முதலில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்.