ஐதிகமும் சடங்கும்: மடத்துவெளி முதல் நயினாதீவு வரை

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து மேலும் செல்லும் வீதி, வாணர் பாலத்தைக் கடந்ததும் புங்குடுதீவின் மடத்துவெளியைத் தொடுகின்றது. ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மனின் மகோற்சவத்துக்குச் செல்லும் அடியார்கள் இவ்வழியாகவே குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து படகேறுவர். அம்பாள் அத்தீவில் எழுந்தருளிய காரணம் யாதென வினவின், அவர்களிடமிருந்து ஒரே விடை கிடைப்பதில்லை. சதியின் சிலம்பு விழுந்த சக்தி பீடம் அது என்பர் சிலர். கௌதம முனிவரின் சாபம் நீங்க இந்திரன் வழிபட்ட தலம் என்பர் வேறு சிலர். நாகமொன்று நாள்தோறும் பூக்கொண்டு வந்து பூசித்த இடம் என்பது தீவகத்து மக்களிடையே பெரிதும் வழங்கும் கதை. கதைகள் இவ்வாறு பலவாயினும் வழிபாட்டு முறை ஒன்றே. படகேறிச் சென்று, தேர் கண்டு, நேர்த்தி தீர்த்து, பிள்ளைப்பேறு வேண்டி நாகத்தை வணங்கி மீள்கின்றனர்.

சமயத்தை ஆராயும் அறிஞரிடையே நூறாண்டுக்கு மேலாக நிலவிவரும் விவாதமொன்று இவ்விடத்தில் கண்முன்னே நிற்கின்றது. ஐதிகம் சடங்கைப் பிறப்பித்ததா, சடங்கு ஐதிகத்தைப் பிறப்பித்ததா என்பதே அது. 1871 இல் வெளிவந்த தம் நூலில் எட்வேட் டைலர், ஐதிகத்தை இயற்கை பற்றிய ஆதிமனிதனின் விளக்கமாகக் கொண்டார். விளக்கமே முதலாயின் செயல் அதன்பின் வருவதே. இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றியவர் ஸ்கொத்லாந்தினரான றொபேட்சன் சிமித். விவிலியத்தை வரலாற்று முறையில் ஆராய்ந்தமைக்காக 1881 இல் அபடீன் கல்லூரிப் பதவியை இழந்த இவர், செமித்திய மக்களின் சமயம் பற்றி 1889 இல் வெளியிட்ட விரிவுரைகளிலே, பண்டைச் சமயத்தில் கட்டாயமானது சடங்கே என்றும், அதனை விளக்கும் கதையை எவரும் தம் விருப்பம்போல் கொள்ளலாம் என்றும் வாதிட்டார். சடங்கு நிலையானது, கதை மாறுவது, ஆகவே கதை பிந்தியது என்பது அவர் கருத்து. பிறேசர், ஜேன் ஹரிசன் முதலியோர் இதனை வெவ்வேறு திசைகளில் வளர்த்தனர்.

நயினாதீவைக் கண்டிருந்தால் சிமித் மகிழ்ந்திருப்பார். சிலம்பு பற்றிய கதையும் இந்திரன் பற்றிய கதையும் வடமொழிப் புராண மரபின் சாயலுடையவை. நாக வழிபாடு அவற்றினும் பழைய அடித்தளத்தைச் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தமுடையது. ஒரே வழிபாட்டின்மேல் காலத்துக்குக் காலம் புதிய விளக்கங்கள் ஏற்றப்பட்டுள்ளன. ஆயினும் நாகமும் பூவும் பற்றிய கதையைச் சடங்கின் விளக்கமாக மட்டும் கொண்டு அமைதல் இயலாது. புளியந்தீவிலிருந்து பூவை வாயிற் கவ்விக் கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் துரத்துகின்றது. நாகம் கடலிடை நின்ற கல்லொன்றைச் சுற்றிக்கொள்கின்றது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் நாகத்துக்காகப் பரிந்து பேச, அவன் தன் பொருள் யாவற்றையும் அம்பாளுக்கு ஆலயம் அமைக்க ஈந்தால் விடுவதாகக் கருடன் கூறுகின்றது. வணிகனும் இசைகின்றான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு கற்களை இன்றும் கடலிற் சுட்டிக் காட்டுவர். கதையின் சில வடிவங்களில் இவ்வணிகனுக்குக் கண்ணகியின் தந்தையாகிய மாநாய்கனின் பெயர் வழங்குவது சுவையானது.

இக்கதையில் நாகத்தைக் காப்பது அரசனுமல்லன், முனிவனுமல்லன்; கடல் வணிகனே என்பது நோக்கற்பாலது. அதே ஆலயத்திலுள்ள தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவால் பொறிக்கப்பட்டது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும் என்றும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியது. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு. சாசனத்திலே கடல் வணிகன் தன் சரக்கிற் பாதியை அரசனிடம் இழக்கின்றான். கதையிலே முழுவதையும் அம்பாளுக்கு மனமுவந்து தருகின்றான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனக் கூறுதல் மிகையாகும். எனினும் இரண்டும் மரக்கலங்கள் வந்துபோன ஒரே கடலுக்குரியவை. சடங்கை மட்டும் உற்றுநோக்குவோர் இக்கடலைக் காணத் தவறுவர்.

மலினோவ்ஸ்கியின் கருத்து இங்கு துணைசெய்கின்றது. பசிபிக் கடலின் திரோபிரியந் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த அவர், ஐதிகம் அறிவுப் பசிக்கு அளிக்கும் விளக்கமன்று, நடைமுறையிலுள்ள உரிமைகளுக்கு வழங்கப்படும் சாசனம் என 1926 இல் எழுதினார். மகாவம்சம் கூறும் நாகதீப ஐதிகத்தை இந்நோக்கில் அணுகலாம். மணிகள் பதித்த ஆசனமொன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர், மாமனும் மருகனும், போருக்கெழ, புத்தர் தம் இரண்டாம் வருகையின்போது தோன்றி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்பது கதை. நாக அரசர் இருவர் பீடிகைக்காகப் பொருத செய்தி மணிமேகலையிலும் மணிபல்லவத்தோடு தொடர்புறுத்தி வருகின்றது. வல்லிபுரப் பொன்னேட்டில் நாகதீவு என்பது யாழ்ப்பாணப் பகுதி முழுவதையும் குறிப்பதாகவே தெரிகின்றது. பரந்த நிலப்பகுதி ஒன்றின் பெயர் பிற்காலத்தில் சிறு தீவொன்றிலே குவிக்கப்பட்டது. அத்தீவில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த விகாரையும் அம்பாள் ஆலயமும் இன்று அருகருகே நிற்கின்றன. 1958 இல் விகாரையும் 1986 இல் ஆலயமும் தாக்குதலுக்குள்ளாயின. பிணக்கைத் தீர்த்த கதையே பிணக்குக்குரிய உரிமைச் சாசனமாகப் படிக்கப்பட்டமை, மலினோவ்ஸ்கி சொன்னதற்கு இந்நாட்டில் கிடைக்கும் மிகக் கசப்பான சான்றாகும். வழிபடுவோரோ இவ்வளவு கறாராக நடந்துகொள்வதில்லை. விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் பலர் அம்பாளையும் தரிசித்தே திரும்புகின்றனர்.

கதையை மாற்றினால் வழிபாடும் மாறுமா என்ற வினாவுக்குப் புங்குடுதீவின் கண்ணகை அம்மன் ஆலயம் ஓரளவு விடை தருகின்றது. ஈழத்தில் கண்ணகி வழிபாடும் கண்ணகி வழக்குரையும் பிரிக்க முடியாதவை. கோயிலில் அக்காவியத்தைப் படிப்பதே ஒரு சடங்கு. எது முந்தியது என்ற வினா இங்கு பொருளிழந்துவிடுகின்றது. ஐதிகமும் சடங்கும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவன என 1942 இல் கிளக்கோன் காட்டிய கருத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. சிங்கள மக்கள் இவளையே பத்தினித் தெய்யோவாகப் போற்றுவதைக் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் ஆறுமுக நாவலர் கண்ணகியைச் சமணப் பெண்ணாகக் கருதி இவ்வழிபாட்டைக் கண்டித்தார். அவர் காலத்தின் பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல ஆகம நெறிப்பட்ட அம்பாள் ஆலயங்களாயின. புங்குடுதீவிலும் அம்மன் இராசராசேசுவரி ஆனாள். பெயர் மாறியது, பூசை முறை மாறியது. ஊரார் நாவில் அது இன்னும் கண்ணகை அம்மன் கோயிலே. சடங்கே நிலையானது என்ற சிமித்தின் விதி இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அறிஞரும் நிர்வாகத்தினரும் சடங்கை மாற்ற, கதையே மக்கள் வழங்கும் பெயருக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தது.

1991 இல் போர் காரணமாகப் புங்குடுதீவு மக்களுட் பெரும்பாலோர் ஊரைவிட்டு நீங்கினர். தீவக மக்கள் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். இலண்டன் மாநகரின் என்பீல்ட் பகுதியிலும் நாகபூசணி அம்பாளுக்கு ஆலயமொன்று உண்டு. அங்கே தேர் உண்டு, பூசை உண்டு. கடப்பதற்குக் கடல் இல்லை, சுட்டிக் காட்டக் கற்களும் இல்லை. நயினாதீவில் தாயின் கைபிடித்துப் படகேறிய குழந்தை, கதையைப் பின்னரே கேட்டறிந்தது. என்பீல்டில் வளரும் குழந்தைக்கோ, கடலும் கல்லும் பூவைக் கவ்விய நாகமும் முதலில் கதையாகவே கிடைக்கின்றன. என்றோ ஒரு விடுமுறையில் மடத்துவெளியைக் கடந்து குறிகட்டுவானில் படகேறும்போதுதான் அச்சடங்கு அதற்கு வாய்க்கின்றது.