கதவைத் தட்டிய குரு

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி புகுந்தது. பத்து நாள்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நச்சுக் காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். வைத்தியர் ஜோன் ஸ்னோவோ புரோட் வீதிக் கிணற்று நீரையே ஐயுற்றார். அவர் வேண்டுகோளின்படி செப்டெம்பர் 8ஆம் நாள் அக்கிணற்றுப் பம்பியின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயின், நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தமையால் அவர் கூற்றைப் பலர் ஏற்றிலர்.

ஏற்காதோருள் ஒருவர் அப்பகுதித் திருச்சபையின் உதவிக் குருவாகிய ஹென்றி வைற்ஹெட். ஸ்னோவின் கொள்கையைப் பொய்யென நிறுவவே அவர் வீடு வீடாகச் சென்றார். அவர் அவ்வூராருக்குப் புதியவர் அல்லர். நோயுற்றோரின் படுக்கையருகே இருந்து ஆறுதல் கூறியவர். ஆதலின் மக்கள் மனந்திறந்து பேசினர். விடையில் ஐயம் எழுந்தால் ஒரே வீட்டுக்கு நாலைந்து முறையும் சென்றார். மாண்டோரைப் பற்றி மட்டுமன்றி, பிழைத்தோரையும் நோய் அணுகாதோரையும் பற்றி வினவினார். அந்நீரை அருந்தியோரே பெரிதும் நோயுற்றனர் என்பது தெளிவாயிற்று.

பின்னர், 40ஆம் இலக்க வீட்டுக் கைக்குழந்தை ஒன்று, நோய் எங்கும் பரவுமுன்னரே பிணியுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றுக்கு அண்மையிலிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் அவர் கண்டறிந்தார். 1855ஆம் ஆண்டு அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது குழியின் கசிவு கிணற்றை அடைந்தமை புலனாயிற்று. மறுக்கச் சென்றவரே சான்றாக நின்றார்.

ஸ்னோவின் நுண்ணறிவுக்கு ஊராரின் வாய்மொழியே உறுதி தந்தது. இன்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலில் வந்து வினவுங்கால், இல்லத்தார் மறையாது உரைக்கும் உண்மை அயலார் உயிரையும் காக்கும்.