முக்குறுணி நெல்லும் திருப்பதிய இசையும்

ஓர் ஊரின்கண் இசை நிலைபெறுவது விழாநாட் கச்சேரிகளான் அன்று. நாடோறும் பாடுவாரும், அவர்க்குப் படியும், கேட்கும் செவியும் ஒருங்கமைந்தவழியே என்க. தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டு இதற்குச் சான்றாம்.

முதலாம் இராசராசன் (985–1014) அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேரை நியமித்தான். ஒருவர்க்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி. ஐம்பதின்மர்க்கும் 12 கலனே தூணிப்பதக்கு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் மனைபெற்றுக் குடியேறினர். ஆகலின் ஆண்டு இசை தெருவாழ்வாயிற்று.

அக்கல்வெட்டின் உயிர்நிலை வேறொன்று. பிடாரர் ஒருவர் இறப்பினும் ஊர்விட்டுப் போகினும் அடுத்த உறவினர் அந்நெற் பெறுக. அவர் தகுதியிலரேல் தக்கார் ஒருவரைப் பாடச்செய்க. அடுத்த உறவினரே இல்வழி ஏனைப் பிடாரரே தக்கானைத் தெரிந்துகொள்க என்பது விதி. ஓதுவார் மகனே ஓதுவான் என்னும் வழக்கையே யாம் இளமையிற் பழமையெனக் கொண்டிருந்தேம். கல்வெட்டு எம்மைத் திருத்திற்று. குலவழியுரிமை உண்டு, ஆயினும் தகுதியின்றி அது நில்லாது. அத்தகுதியைத் தேர்வாரும் உடன்பாடுவாரே.

பண்ணிசை குன்றிற்றென வருந்தும் அன்பர், தத்தம் ஊர்க்கோயிலிற் பாடுவார்க்கு அன்றாடப் படி உண்டோ, அவரைத் தேர்வார் இசையறிந்தாரோ என முதற்கண் ஆராய்வாராக.