ஒரே சாலை, இரண்டு ஊர்வலங்கள்

மெக்சிகோவில் அடோடோனில்கோ என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து சான் மிகெல் நகரம் சுமார் 12 கிலோமீட்டர். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, சனிக்கிழமை நள்ளிரவில், ஒரு சுரூபத்தைத் தோளில் சுமந்துகொண்டு மக்கள் இந்தத் தூரத்தை நடந்தே கடக்கிறார்கள். தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கப்பட்ட இயேசுவின் சுரூபம் அது.

இந்த ஊர்வலத்தின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்குச் சுரூபமே கண்ணில் படவில்லை. முகம், உடம்பு எல்லாம் பட்டுத்துணி சுற்றியிருந்தது. எதுக்கு இத்தனை துணி? வழியில் எங்கேயும் இடித்து அடிபட்டுவிடக் கூடாதாம். ஏற்கெனவே ரத்தம் வழிய அடிவாங்கியவருக்கு இனி என்ன அடிபடப்போகிறது என்று சிரித்துவிட்டேன். அந்தச் சாலையின் கதையைப் படித்த பிறகு சிரிக்க முடியவில்லை.

அடோடோனில்கோ ஆலயத்தைப் பாதிரியார் அல்ஃபாரோ 1740இல் கட்டத் தொடங்கினார். பாவத்துக்குத் தவம் செய்ய வந்தவர்கள் அங்கே தங்களையே சாட்டையால் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பக்தி என்றால் வலி.

1810 செப்டம்பர் 16. பாதிரியார் மிகெல் இடால்கோ ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பி, போகிற வழியில் இதே ஆலயத்திலிருந்து குவாதலூப்பே மாதாவின் படத்தை எடுத்துக் கொடியாக்கினார். கையில் கிடைத்ததை ஆயுதமாக ஏந்திய கூட்டம் அதன் பின்னால் சான் மிகெலுக்கு நடந்தது. அதுவும் ஒருவகை ஊர்வலம்தான். அன்றிரவு அந்த ஊரில் ஸ்பானியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன.

அடுத்த ஆண்டே இடால்கோவைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலையையும், சான் மிகெலில் பிறந்த அயெந்தே உள்ளிட்ட மூவரின் தலைகளையும் குவானஹுவாத்தோ நகரில் ஒரு தானியக் கிடங்கின் மூலைகளில் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். சுதந்திரம் வந்த 1821 வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், அவை அங்கேயே தொங்கின.

சுரூப ஊர்வலம் 1823இல் தொடங்கியது என்கிறார்கள். ஊரில் நோய் பரவியதுதான் காரணம் என்பது வழக்கு. இருக்கலாம். ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. இது என் ஊகம்தான். சிதைக்கப்பட்ட உடல்களைப் பத்து ஆண்டு பார்த்தும் கேட்டும் வாழ்ந்த ஜனங்கள், அடிபட்ட ஓர் உடலைத் துணி சுற்றிப் பத்திரமாகத் தூக்கி வருகிறார்கள். கிளம்புவது அதே ஆலய வாசல். நடப்பதும் அதே ஊருக்கு.

விடியும்போது ஊர்வலம் சான் மிகெலை அடைகிறது. ஊதா, வெள்ளைத் தோரணங்களுக்குக் கீழே சாலையெங்கும் சோம்புத் தழையும் பூக்களும் பரப்பியிருக்கிறார்கள். அங்கேதான் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். காயங்கள் அப்போதுதான் வெளியே தெரிகின்றன. பிறகு சுரூபம் சான் ஹுவான் தே தியோஸ் ஆலயத்தில் போய்த் தங்குகிறது. அது ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து எழுந்த ஆலயம்.

துணி அவிழ்க்கிற அந்தத் தெருவுக்கு இன்றைய பெயர் இண்டிபெண்டென்சியா. சுதந்திரம்.