35க்கு 45

விசா கவுண்டரில் என் போட்டோவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். "இதுல இருக்கறது நீங்கதானா மேடம்?" என்று கேட்டார் அங்கிருந்த பெண்.

நான்தான். ஆனால் சுங்குவார்சத்திரத்து ஸ்டுடியோ அண்ணன் என்னைக் கேட்காமலே இரண்டு படி வெளுக்க வைத்திருந்தார். கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பையும் காணோம். போய்க் கேட்டபோது, "பொண்ணுங்க போட்டோன்னா டச்சப் பண்ணித்தான்மா குடுப்போம். யாரும் வேணாம்னு சொன்னதில்ல" என்றார். அவருக்கு அது வேலைச் சுத்தம்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வாரப் பயிற்சிக்கு ஜெர்மனி போக வேண்டும். எங்கள் பிரிவிலிருந்து ஒரு பெண் போவது இதுதான் முதல் தடவை. தேதி தவறினால் அடுத்து இருக்கும் ஆண் போவார் என்று சொல்லியும் விட்டார்கள்.

ஷெங்கன் விசாவுக்கு 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். அதில் முகம் 70 முதல் 80 சதவீதம். வெளிர் பின்னணி, மூடிய வாய். டச்சப் கூடாது. இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் மொரிஷியஸில் போய் நின்றேன்.

கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நான்கரை லட்சம் பேர் அந்தத் தீவுக்குப் போனார்கள். மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர்களும் அவர்களில் உண்டு. ஆளுக்கொரு எண். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தங்கள் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். சீட்டு இல்லாதவரை நாடோடி என்று போலீஸ் பிடிக்கலாம். 1871இல் 9,401 பேர் இந்தக் கொடுமைகளை எழுதி மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு விசாரணைக் கமிஷன் வந்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பெண்களின் முகங்களும் இருக்கின்றன. போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு உட்கார்ந்தவர்கள் அல்ல அவர்கள்.

வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டில் போட்டோ கட்டாயமானது முதல் உலகப்போர் தொடங்கிய பிறகுதான், ஒற்றர் பயத்தால். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து! அப்போதும் பிரிட்டனில் மனைவி தன் கணவனின் பாஸ்போர்ட்டில் ஒரு வரியாகப் பயணம் செய்ய முடிந்தது. முகம் இருந்தது, தனிப் புத்தகம் இல்லை. நம் நாட்டில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று விதி மாறியதே 2016 டிசம்பரில்தான்.

நிறத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல்லாண்டுகள் ஒரு வெள்ளைப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்தவர்கள் எப்படி வந்தாலும் கேள்வி இல்லை. இன்று முகம் பார்ப்பது மென்பொருள். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் அப்படி மூன்றைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. ஸ்டுடியோ அண்ணன்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதியானது. அவர் கையில் அந்த அட்டை இல்லை, ஆனால் பழக்கம் இருக்கிறது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு அவரிடமே போனேன். "அண்ணா, தழும்பு தெரியணும். கை வைக்காம குடுங்க" என்றேன். பக்கத்தில் நின்று, அவர் பிரிண்ட் போடும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள்.

வெளுத்த படத்தில் ஆறு காப்பி மீதி. அம்மா அதை என் ஜாதகத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறாள்.