எட்டு முறை கழற்றிய சட்டை

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கம் கட்டடம் எழுப்ப மண்ணைத் துளைத்துப் பார்க்கும் அறிக்கைகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: ஓட்டுத் துண்டுகள் கலந்த மென்மையான கடல் களிமண். எங்கள் துறையில் அதைப் படித்தால் பைலிங் செலவுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது ஒரு சரித்திர வரி. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மலாக்கா நீரிணையின் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். இன்று செம்பனை நிற்கும் சமவெளியில் பெரும்பகுதி அப்போது கடல்.

இப்படிப்பட்ட களிமண்ணில் கெராங் ஓடு மட்டுமல்ல, ஆஸ்ட்ரகாட் ஓடுகளும் கிடைக்கும். கடுகைவிடச் சின்ன உயிரி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், சிப்பி மாதிரி இரண்டு ஓடு. வளரணும் என்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போடணும். கடலில் வாழும் பல வகைகள் பெரியவையாவதற்குள் எட்டுத் தடவை கழற்றும். ஒவ்வொரு தடவையும் நீளம் ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஆக, ஒரே உயிரி ஒன்பது அளவில் ஓடுகளை விட்டுப்போகும்.

இதில் ஆய்வாளர்களுக்கு ஒரு தலைவலி. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய டிரையாசிக் காலத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அந்தக் காலத்துக் கடல், கெடாவின் கோடியாங் சுண்ணாம்புக் குன்றுகளாக நிற்கிறது. பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த அந்தக் கால ஆஸ்ட்ரகாடுகளை 1970இல் ஐ. ஜி. சோன் விவரித்தார். இப்படிப்பட்ட பாறையில் மிஞ்சுவது ஓடு மட்டும்தான். குட்டியின் ஓடு பெரியதன் ஓட்டைப் போலவே இருப்பதில்லை. வளர்ச்சிப் படிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்காவிட்டால் ஒரே இனம் இரண்டு பெயரில் பதிவாகிவிடும். அப்புறம் அது எங்கெங்கே பரவியிருந்தது என்று வரையும் வரைபடமும் பொய்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடு கிடைத்த இடம் அது வாழ்ந்த இடமா, அடித்துவரப்பட்ட இடமா? வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ராபின் வாட்லி 1988இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. எல்லா வயதின் ஓடுகளும் கலந்து கிடந்தால் அங்கேயே பிறந்து, வளர்ந்து, செத்த கூட்டம். குட்டி ஓடுகள் மட்டும் என்றால் எங்கிருந்தோ மிதந்து வந்தவை. பெரியவை மட்டும் கிடந்தால் அவசரப்படக் கூடாது. நீரோட்டம் சின்னதை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். இதே வாட்லி, சீனரான ட்சாவ் சுவான்ஹோங்கோடு சேர்ந்து மலாக்கா நீரிணையின் இன்றைய ஆஸ்ட்ரகாடுகளைப் பற்றி 1987, 1988இல் எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

அந்த மூன்றாவது வகையைப் படித்தபோது எனக்குத் தென்னமரம் எஸ்டேட் ஞாபகம் வந்தது. பத்தாங் பெர்சுந்தைக்குப் பக்கத்தில், பெயரே தமிழாக இருக்கும் தோட்டம். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது இங்கேதான். 1930இல் கொன்கூர் பரிசு வாங்கிய நாவலாசிரியரும் அவரே. அவரைப் பற்றி நிறையப் படிக்கலாம். தோட்டத்து ஜனங்களைத் தேடினால் முதலில் கைக்கு வருவது செக்ரோல் மாதிரியான ஏடுகள்: வேலைக்கு வந்தவர் பெயர், நாள், கூலி. எல்லாம் பெரிய ஓடுகள். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் கப்பலில் வந்து, உழைத்து, போன ஆட்கள் போலத்தான் தெரியும். 'வந்தவங்கதானே நீங்க' என்று இன்றைக்கும் கேட்பவர்களுக்கு அந்த ஏடு வசதி. தொட்டிலில் கிடந்தவர்கள் அதில் இல்லை.

சின்ன ஓடுகள் வேறு இடத்தில் இருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புப் பத்திரம், காதுகுத்துக்கு எடுத்த படம், சுடுகாட்டின் ஓரத்தில் பெயரில்லாத குட்டி மேடுகள். லயங்களை உடைக்கும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான்.