எண்ணுதலும் எடையிடுதலும்
(முதல் உலகப் போரின் காரணங்களைக் கற்பித்தல் குறித்துச் சில சிந்தனைகள்)

முதல் உலகப் போருக்கான காரணங்களை விவரிக்க வேண்டும் என்பது வரலாற்று மாணவர்க்கு நன்கு பழகிப்போன தேர்வு வினா. அதற்குரிய விடையும் அவ்வாறே பழகிப்போனது. படைப்பெருக்கம், கூட்டணி முறை, ஏகாதிபத்தியம், தேசியவாதம், சரயேவோ படுகொலை என ஐந்து துணைத்தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிகள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயின் இவ்விடையில் காரணங்கள் எண்ணப்பட்டுள்ளனவே அன்றி எடையிடப்படவில்லை. ஐந்தும் சம எடை உடையனவா? ஒன்றை நீக்கினால் ஏனையவை நிற்குமா? இவ்வினாக்களை மாணவர் எழுப்புவதில்லை. எழுப்புமாறு நாமும் அவர்களைப் பழக்குவதில்லை. பகைவர்மேற் செல்லுமுன் நால்வகை வலிமையைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வேந்தனுக்கு அறிவுறுத்துகிறார். போர் முடிந்தபின் அதன் காரணங்களை ஆராயும் மாணவனுக்கும் அந்தத் துலாக்கோல் தேவைப்படுகிறது.

கவிஞர்கள் கூடும் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் வரலாற்றுக் கல்வி பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். பகுதி ஒன்றில் தமிழ் பயிலும் வரலாற்று மாணவரோடு பல்லாண்டு பழகியவள் என்ற முறையில், இச்சிக்கலின் ஒரு வேர் மொழியில் உள்ளது என்பதே என் கருத்து. அதனைப் பின்னர் விளக்குவேன்.

இரு சோதனைகள்

கூட்டணி முறையே போருக்குக் காரணம் என்பது பரவலான கூற்று. இதனை எடையிட்டுப் பார்ப்போம். 1882ஆம் ஆண்டு முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவற்றோடு முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்த நாடு இத்தாலி. 1914இல் அது நடுநிலை வகித்தது; 1915இல் எதிரணியில் சேர்ந்து போரிட்டது. மறுபுறம், பிரான்சுக்காகப் போர்புரிந்தே தீரவேண்டும் என்னும் உடன்படிக்கைக் கடப்பாடு பிரிட்டனுக்கு இல்லை. 1904இல் ஏற்பட்டது நல்லிணக்கமே அன்றிப் போர்க்கூட்டணி அன்று. ஆயினும் பிரிட்டன் போரில் இறங்கியது. கையொப்பமிட்ட நாடு விலகி நின்றது; கையொப்பமிடாத நாடு களம் புகுந்தது. எனவே உடன்படிக்கைத் தாள்கள் தாமே நாடுகளைப் போருக்கு இழுத்துச் சென்றன என்னும் கூற்று முழு எடை பெறாது. கூட்டணிகளால் எழுந்த நம்பிக்கையும் அச்சமும் ஆட்சியாளரின் கணக்குகளைப் பாதித்தன என்று கூறுவதே பொருந்தும்.

இரண்டாவது சோதனை காலத்தைப் பற்றியது. 1905-06இல் மொராக்கோ நெருக்கடி. 1908-09இல் பொஸ்னியா நெருக்கடி. 1911இல் மீண்டும் மொராக்கோ. 1912-13இல் பால்கன் போர்கள். இவ்வாண்டுகளிலும் ஏகாதிபத்தியம் இருந்தது, படைப்பெருக்கம் இருந்தது, தேசியவாதமும் இருந்தது. எனினும் பெருநாடுகளுக்கிடையே பொதுப்போர் நிகழவில்லை. நான்கு முறை விலகிச் சென்ற போர் ஐந்தாம் முறை ஏன் விலகவில்லை? இவ்வினாவை எதிர்கொள்ளாத எந்த விடையும் 1914ஐ விளக்கியதாகாது.

கூரையும் பொறியும்

பெலப்பொனேசியப் போரின் வரலாற்றை எழுதிய கிரேக்க அறிஞர் துசிடைடிஸ், இரு தரப்பாரும் வெளிப்படையாகக் கூறிய குறைபாடுகளையும் உள்ளுறைந்த உண்மைக் காரணத்தையும் பிரித்துக் காட்டினார். ஏதென்சின் வளர்ச்சி ஸ்பார்ட்டாவிடம் எழுப்பிய அச்சமே உண்மைக் காரணம் என்பது அவர் முடிவு. நம் தொல்காப்பியர் மண்மீது கொண்ட வேட்கையால் நிகழும் போரை வஞ்சி என்றும், வலிமையை நிலைநாட்டும் பொருட்டு நிகழும் போரைத் தும்பை என்றும் வகுத்தார். நோக்கம் நோக்கிப் போரை வகைப்படுத்தும் மரபு நமக்கும் உண்டு. எனினும் அச்சத்தால் தொடுக்கப்படும் போருக்கெனத் தனித்திணை அங்கு இல்லை. 1914ஐ விளங்கிக்கொள்ள வேட்கை, வலிமை, அச்சம் ஆகிய மூன்றும் வேண்டப்படுகின்றன. செர்பியாவைக் கண்டு ஆஸ்திரியா அஞ்சியது. வளரும் ரஷ்யாவைக் கண்டு ஜெர்மனி அஞ்சியது. தனித்து விடப்படுவோமோ எனப் பிரான்சு அஞ்சியது.

காய்ந்த கூரை, வீசும் காற்று, விழும் பொறி என்னும் உவமையால் காரணங்களை மூன்று அடுக்காக்கி மாணவர்க்கு விளக்கலாம். ஏகாதிபத்தியப் போட்டியும் தேசிய உணர்வும் நெடுங்காலம் காய்ந்த கூரை. அடுத்தடுத்து நேர்ந்த நெருக்கடிகள் காற்று. 1914 ஜூன் 28இல் சரயேவோ நகரில் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் சுட்ட பத்தொன்பது வயது காவ்ரிலோ பிரின்சிப் பொறி. உவமை அழகியதே, ஆயினும் அது ஓரெல்லை வரையே உதவும். கூரைக்கு மனம் இல்லை. ஆட்சியாளருக்கு இருந்தது.

முப்பத்தேழு நாள்கள்

படுகொலைக்கும் பிரிட்டனின் போர் அறிவிப்புக்கும் இடையே 37 நாள்கள் உள்ளன. அவற்றை நாள்வாரியாக எழுதச் செய்வதே மாணவர்க்குத் தரத்தக்க சிறந்த பயிற்சி. ஜூலை 5, 6 நாள்களில் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை ஜெர்மனி உறுதியளித்தது. ஜூலை 23இல் 48 மணிநேரக் கெடுவுடன் செர்பியாவுக்கு ஆஸ்திரியா இறுதி எச்சரிக்கை விடுத்தது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்றுத் தன் மண்ணில் ஆஸ்திரிய அலுவலர் விசாரணையில் பங்கேற்பதை மட்டும் மறுத்தது. ஜூலை 28இல் ஆஸ்திரியா போர் அறிவித்தது. ஜூலை 30இல் ரஷ்யப் பேரரசர் பொதுப் படைதிரட்டலுக்கு இசைந்தார். ஆகஸ்ட் 1இல் ரஷ்யா மீதும், 3இல் பிரான்சு மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. 4ஆம் நாள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துள் நுழைந்தது. 1839ஆம் ஆண்டு உடன்படிக்கை காத்துவந்த பெல்ஜிய நடுநிலைமை முறிந்தது. பிரிட்டன் போரில் இறங்கியது.

இவற்றுள் ஒவ்வொரு நாளிலும் மாற்று வழி இருந்ததா என்று மாணவர் ஆராயவேண்டும். இளவரசரின் ஊர்தி வழி தவறி பிரின்சிப்பின் அருகே நின்றிராவிடின் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது எளிது. ஜெர்மனி உறுதிமொழி தந்திராவிடின், ரஷ்யா படைதிரட்டலைத் தள்ளிப்போட்டிருப்பின் என்று கேட்பது கடினம். பயன் மிக்கதும் அதுவே. எதனை நீக்கினால் நிகழ்ச்சித் தொடர் அறுகிறதோ அதற்கு எடை மிகுதி.

மூண்டதா, மூட்டினரா?

மாணவர் எழுதும் விடைகளில் தவறாது காணப்படும் தொடர் 'போர் மூண்டது' என்பது. மூள்தல் தன்வினை, மூட்டுதல் பிறவினை. தீயும் பகையும் மூள்வதுபோலப் போரும் தானே மூண்டுவிடுகிறது. அத்தொடரில் எழுவாய் போர்தான். மனிதர் எவரும் இல்லை. 'நெருக்கடி முற்றியது', 'பகை வளர்ந்தது', 'போர் வெடித்தது' என்பனவும் இவ்வகையினவே. இவை வழுவான தொடர்கள் அல்ல. ஆனால் முழு விடையும் தன்வினைகளால் ஆகிவிடும்போது, முடிவெடுத்த மாந்தர் அனைவரும் மொழியின் மறைவில் ஒளிந்துகொள்கின்றனர். அவ்விடையில் ஒவ்வொரு தன்வினையையும் பிறவினையாக்கி, உரிய எழுவாயைச் சேர்த்து எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். யார் மூட்டினார் என்று எழுத முற்பட்டவுடன் அவர்களுக்குச் சான்று தேவைப்படுகிறது, ஐயம் எழுகிறது, வாதம் பிறக்கிறது. வரலாற்றுக் கல்வி அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

எதிர்ப்புறத்து இடரும் உண்டு. எல்லாப் பழியையும் ஓர் எழுவாயின் மேல் ஏற்றிவிடும் எளிமை அது. 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, ஜெர்மனியும் அதன் நட்பு நாடுகளும் போரிழப்புகளுக்குப் பொறுப்பு என்றது. 'குற்றம்' என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. எனினும் ஜெர்மானிய மக்கள் அதனைக் குற்றச்சாட்டாகவே கொண்டனர். தம் தரப்பை நிலைநாட்ட ஜெர்மானிய அரசு 1922 முதல் 1927 வரை 40 தொகுதி ஆவணங்களை வெளியிட்டது. பிரிட்டன் 11 தொகுதிகளை வெளியிட்டது. அரசு வெளியிடும் சான்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பதை மாணவர் இதனால் அறியலாம்.

அறிஞர்தம் தீர்ப்புகளும் மாறி வந்துள்ளன. 1928இல் அமெரிக்க அறிஞர் சிட்னி பே பொறுப்பைப் பல நாடுகளுக்கும் பகிர்ந்தளித்தார். 1961இல் ஜெர்மானியரான பிரிட்ஸ் பிஷர் தம் நாட்டின் பேராதிக்க வேட்கையையே முதன்மைப்படுத்திப் பெரும் சர்ச்சையை எழுப்பினார். 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க், ஏன் என்பதைக் காட்டிலும் எவ்வாறு என்பதை முன்னிறுத்திப் பல தலைநகரங்களின் பங்கையும் விரித்துரைத்தார். துலாக்கோல் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால் எடையிடுதல் வீண் என்பதன்று. புதிய சான்று கிடைக்குந்தோறும் மீண்டும் எடையிட வேண்டும் என்பதே பொருள்.

முன்னும் பின்னும்

காரணம் காரியத்துக்கு முந்தியது என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. எனினும் மாணவர் மிகுதியும் வழுக்கும் இடம் இது. பிஷர் காட்டிய சான்றுகளுள் சிறப்பானது, ஜெர்மானியத் தலைமையமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கின் 1914 செப்டம்பர் 9ஆம் நாளைய போர்நோக்கக் குறிப்பு. போர் தொடங்கி ஐந்து வாரங்களுக்குப்பின் எழுதப்பட்ட குறிப்பு, தொடங்குமுன் இருந்த நோக்கத்தை மெய்ப்பிக்குமா என்று மறுப்பாளர் கேட்டனர்.

கவிஞர்க்கும் இங்கு ஒரு செய்தி உண்டு. 1914இல் எர்ன்ஸ்ட் லிசாவர் என்னும் ஜெர்மானியக் கவிஞர் இங்கிலாந்துக்கு எதிராக வெறுப்புப் பாடல் ஒன்றை இயற்றினார். அது நாடெங்கும் பரவியது. பேரரசர் அவருக்கு விருதளித்தார். போர் தொடங்கியபின் பிறந்த அப்பாடல் போரைத் தோற்றுவித்தது என்று கூற இயலாது. ஆனால் போர் நான்காண்டு நீடிக்கத் தேவைப்பட்ட வெறுப்புக்கு அது நெய் வார்த்தது. தொடங்கிய காரணம் வேறு. தொடர்ந்த காரணம் வேறு. நம் பாரதியாரும் அப்போரைப் பாடியவரே. அவர் வாழ்த்தியது தாக்கப்பட்ட பெல்ஜியத்தை.

முடிவாக

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அக்கப்பலின் பெயர் தமிழில் ஒரு வழக்குச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அப்போருக்கென இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர்; எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அந்த 37 நாள்களில் எடுக்கப்பட்ட முடிவு எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. முடிவெடுத்தவர் சிலர், மடிந்தவர் பலர். காரணங்களை எண்ணிவிட்டு அகல்வது மடிந்தவர்க்கு இழைக்கும் அநீதி என்பதால்தான் அவற்றை எடையிடக் கற்பிக்கவேண்டியுள்ளது.

சொல்லை எடையிட்டு ஆள்வது கவிஞர் தொழில். பத்தாண்டுகளாக அத்தொழிலைப் பேணிவரும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், இனி ஒரு போரைப் பாட நேருமாயின், 'மூண்டது' என்று எழுதுமுன் ஒருகணம் நின்று, மூட்டியவர் யாரென்று கேட்பார்களாக. வட்டம் மேலும் வளர்க!